பிளேட் சிவந்த மைக் செட் ஆம்ப்: ஈஎல்34 ஜோடிக்கு பயஸ் நிறுத்தியது

கரண்ட் லைன் 200 வோல்ட்டுக்கு இறங்கினாலும் 250க்கு ஏறினாலும் இந்த மைக் செட் ஆம்பின் கடைசி வால்வுகளான இரண்டு ஈஎல்34களும் இப்போது 30க்கும் 40க்கும் இடையில் மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. பிளேட், அதாவது வால்வுக்குள் இருக்கும் வெளித் தகடு, சிவப்பதில்லை. கோளாறு இருந்தது பயஸில்: வால்வு இழுக்கும் கரண்டை அடக்க, கிரிட் என்ற கட்டுப்படுத்தும் முனைக்குக் கொடுக்கும் மைனஸ் வோல்டேஜ் அது. என் மேஜைக்கு வந்தபோது வலது பக்க வால்வு ஒரு மணி நேரத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். ஜோடி ஜோடியாக வால்வு மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் மைக் செட் அண்ணன் கொண்டுவந்திருந்தார்.

“வால்வெல்லாம் டூப்ளிகேட்டு தம்பி. பழைய வால்வு கெடைச்சா போட்டுக் குடு, ஆடிக்கு முன்னாடி வேணும்.”

“வால்வு மேல தப்பு இருக்காதுண்ணே. ஒரே பக்கம்தான சிவக்குது?”

“ஆமா, எந்த வால்வப் போட்டாலும் அந்தப் பக்கந்தான்.”

பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது.

ஆம்ப் வழக்கமான புஷ்-புல் வகை, இரண்டு வால்வு மாறி மாறி இழுப்பது. முன்னால் ஈசிசி83 சிறு வால்வு இரண்டு, அதில் ஒன்று பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) தயாரிப்பு, இன்னும் நன்றாக இருக்கிறது. கடைசியில் ஈஎல்34 ஜோடி. அவுட்புட்டில் 16 ஓம் முனையும் 100 வோல்ட் லைன் முனையும். எப்போதோ யாரோ ரெக்டிஃபையர் வால்வை எடுத்துவிட்டு சிலிக்கான் டயோடு வைத்திருக்கிறார்கள். அதனால் சுவிட்ச் போட்டவுடனே, வால்வு சூடாகும் முன்பே, எச்.டி., அதாவது பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்டேஜ், 475 வோல்ட் வரை எகிறும். வால்வு இழுக்கத் தொடங்கியதும் 430க்கு வந்து உட்காரும். நல்லவேளையாக ஃபில்டர் கண்டென்சர் 350 வோல்ட் ரகத்தில் இரண்டு, தொடராக இருந்தது. ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோஓம்.

இந்த வோல்டேஜில் விளையாட்டு கிடையாது. சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மிச்சம் நிற்கும். 10 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் முதலை கிளிப் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டு வைத்திருக்கிறேன். அதை மாட்டி, சற்றுப் பொறுத்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே பார்த்த பிறகே கை உள்ளே போகும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் அடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. கண்டென்சரும் கெடும், ஸ்க்ரூடிரைவர் நுனியும் போகும். கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டுமானால் கருப்பு ப்ரோபை சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு, சிவப்பை மட்டும் ஒரு கையில் பிடிப்பேன், மற்ற கை பாக்கெட்டில். கீழே ரப்பர் பாய், காலில் செருப்பு.

முதல் பிரச்சினை, எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்க வழியே இல்லை. இரண்டு கேத்தோடும், அதாவது வால்வின் கரண்ட் முழுவதும் ஓடும் 8ஆம் பின், நேராகச் சேசிஸில் ஈயம் வைத்திருந்தார்கள். இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 ஓம், ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம், அரை வாட் ரெசிஸ்டர் போட்டேன். பலர் 1 ஓம் போடுவார்கள், மில்லிவோல்ட்டே மில்லியாம்பியர் என்று படிக்க வசதி. ஆனால் 1 ஓம் சரியாக 1 ஓம்தானா என்பதைச் சாதாரண மல்டிமீட்டரில் சரிபார்க்க முடியாது, ப்ரோப் கம்பியே 0.3 ஓம் காட்டும். 10 ஓமில் அந்தத் தொல்லை குறைவு. 360 மில்லிவோல்ட் என்றால் 36 மில்லியாம்பியர். வால்வு உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அந்த அரை வாட் ரெசிஸ்டரே முதலில் கருகும். டிரான்ஸ்ஃபார்மர் கருகுவதைவிட அது மேல்.

கேத்தோடில் ஓடுவது பிளேட் கரண்டும் ஸ்கிரீன் (பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டாவது கிரிட்) கரண்டும் சேர்ந்தது. ஸ்கிரீன் ரெசிஸ்டர் இதில் 1 கிலோஓம். அதன் குறுக்கே 5 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு, ஆக ஸ்கிரீனுக்கு ஏறக்குறைய 5 மில்லியாம்பியர். பிளேட் கணக்குப் போடும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

டிம்மர்ஸ்டாட் (லைன் வோல்டேஜைத் திருகி ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக, தொடரில் 100 வாட் குண்டு பல்பு போட்டு மெதுவாக ஏற்றினேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது, ஷார்ட் இல்லை. பல்பை விலக்கி 230க்குக் கொண்டுவந்ததும் இடது வால்வு 310 மில்லிவோல்ட், வலது 460. கால் மணி நேரத்தில் இடது அப்படியே இருந்தது, வலது 600ஐத் தாண்டியது. அணைத்து, ஆறவிட்டு, இரண்டு வால்வையும் இடம் மாற்றினேன். அதே கதை, அதே வலது சாக்கெட்.

அடுத்து இரண்டு ஈஎல்34களையும் பிடுங்கிவிட்டு, கிரிட் முனையான 5ஆம் பின்னில் அளந்தேன். இடது மைனஸ் 37.8 வோல்ட். வலது மைனஸ் 34.9. பயஸ் இரண்டுக்கும் ஒரே இடத்தில் இருந்து வருகிறது, இரண்டுக்கும் 220 கிலோஓம் கிரிட் ரெசிஸ்டர். அப்படியானால் 2.9 வோல்ட் வித்தியாசம் எங்கிருந்து? முன் வால்வின் சிக்னலை மட்டும் கிரிட்டுக்கு விட்டு டி.சி.யை மறிப்பது கப்ளிங் கண்டென்சர். வலது கப்ளிங் கண்டென்சரின் கிரிட் பக்கக் காலை ஈயம் எடுத்துத் தூக்கினேன். மைனஸ் 37.8க்குத் தாவியது. முன் வால்வின் பிளேட்டில் இருக்கும் 260 வோல்ட் அந்தக் கண்டென்சர் வழியாக 13 மைக்ரோஆம்பியர் அளவுக்குக் கசிந்து கிரிட்டை மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

13 மைக்ரோஆம்பியர் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். திரும்ப மாட்டி, ஹேர் டிரையரால் கண்டென்சரைச் சூடாக்கினேன். மைனஸ் 34, மைனஸ் 32.5, மைனஸ் 31. பழைய மெழுகுப் பேப்பர் கண்டென்சர், சூடேற ஏறக் கசிவு கூடும். கசிவு கூடினால் வால்வு கூடுதலாக இழுக்கும், வால்வு சூடானால் பெட்டி சூடாகும், பெட்டி சூடானால் கண்டென்சர் இன்னும் கசியும். ஒரு மணி நேரத்தில் சிவப்பதன் காரணம் இதுதான். மல்டிமீட்டரின் கண்டென்சர் ரேஞ்சில் இதே கண்டென்சர் 0.1 மைக்ரோஃபாரட் என்று நல்ல பிள்ளையாகக் காட்டியது. அந்தச் சோதனையில் மீட்டர் கொடுப்பது ஓரிரு வோல்ட். 260 வோல்ட்டில் கசிவதை அது எப்படிக் காட்டும்? வால்வைப் பிடுங்கி கிரிட்டில் டி.சி. அளப்பதே இதற்கு நேர் வழி.

இரண்டு பக்கமும் 0.1 மைக்ரோஃபாரட் 630 வோல்ட் பாலிப்ரோப்பிலீன் போட்டேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒன்று 30 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தது. இடதில் கசிவு இல்லைதான், ஆனால் அதே வயது, அதே மெழுகு.

வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன். பகலில் லைன் 222 வோல்ட் இருந்தபோது இரண்டையும் 36 மில்லியாம்பியருக்குக் கொண்டுவந்திருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் போட்டுப் பார்த்தால் 41. லைனை அளந்தால் 247. சிவப்பெல்லாம் இல்லை. ஆனாலும் எண் ஆடுவது பிடிக்கவில்லை. திருவிழாவில் ஜெனரேட்டரில் ஓடும் ஆம்ப் இது, அங்கே 200ம் வரும், 260ம் வரும். பயஸ் வோல்டேஜை ஜீனர் (வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் டயோடு) வைத்துக் கட்டிவிட்டால் கரண்ட் அசையாது என்று நினைத்து, ஜீனர்களைத் தொடராகப் போட்டு மைனஸ் 37இல் நிறுத்தினேன். பிறகு டிம்மர்ஸ்டாட்டைத் திருகிப் பார்த்தேன்.

ஜீனர் இருக்கும்போது: 200 வோல்ட்டில் 14 மில்லியாம்பியர். 230இல் 36. 250இல் 55.

ஜீனரை எடுத்துவிட்டு, பழையபடி டிரான்ஸ்ஃபார்மரின் போக்கிலேயே பயஸை விட்டபோது: 200இல் 30, 230இல் 36, 250இல் 40.

கட்டிப்போட்டதால் நிலைமை மோசமாகியிருக்கிறது. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. லைன் ஏறும்போது ஸ்கிரீன் வோல்டேஜும் ஏறுகிறது. ஈஎல்34இல் ஸ்கிரீன் 11 வோல்ட் ஏறினால், அதை ஈடுகட்ட கிரிட் ஏறக்குறைய 1 வோல்ட் கூடுதல் மைனஸுக்குப் போக வேண்டும். 250 வோல்ட் லைனில் ஸ்கிரீன் முப்பது வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும், கிரிட் மூன்று வோல்ட் இறங்கியாக வேண்டும். ஜீனர் அதை இறங்கவிடாது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் இன்னொரு முனையில் இருந்து வரும் பயஸ் தானாகவே இறங்கும். எச்.டி.யையும் ரெகுலேட் செய்தால் ஒழிய, பயஸை மட்டும் ரெகுலேட் செய்யக்கூடாது. 430 வோல்ட்டுக்கு ரெகுலேட்டர் கட்டி மைக் செட் ஆம்பில் வைப்பது வீண் செலவு, கூடுதல் சூடு. ஜீனர்கள் டப்பாவுக்குத் திரும்பின.

பயஸ் சர்க்யூட்டை மட்டும் புதிதாகக் கட்டினேன். பழையதில் இரண்டு வால்வுக்கும் சேர்த்து ஒரே ஒரு திறந்த கார்பன் பிரீசெட் (திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்), தூசி படிந்து, விரலால் தட்டினால் எண் தாவும். இதன் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. பிரீசெட்டின் நடுக்கால் தொடர்பு விட்டுவிட்டால் கிரிட்டுக்கு மைனஸே வராது. வால்வு முழு வீச்சில் இழுக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். வால்வு மாற்றலாம், அந்த டிரான்ஸ்ஃபார்மரை மறுபடி சுற்ற ஆள் தேட வேண்டும்.

புதிய அமைப்பு இது. 50 வோல்ட் ஏ.சி. முனையில் இருந்து 1என்4007 டயோடு தலைகீழாக, 47 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் கண்டென்சர், பிளஸ் கால் சேசிஸுக்கு. 4.7 கிலோஓம். மறுபடி 47 மைக்ரோஃபாரட். இங்கே மைனஸ் 58 வோல்ட் கிடைத்தது. அதில் இருந்து இரண்டு கிளை, வால்வுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 25 கிலோஓம் பல சுற்று டிரிம்பாட் (நுணுக்கமாகத் திருகும் மூடிய பிரீசெட்), அதன் கீழ்க்காலில் இருந்து சேசிஸுக்கு 27 கிலோஓம். நடுக்கால் 220 கிலோஓம் வழியாகக் கிரிட்டுக்குப் போகிறது. இதில் திருகும் எல்லை மைனஸ் 30இல் இருந்து 58 வரை. எந்தப் பிள்ளை ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினாலும் பூஜ்யத்துக்குப் போகாது.

நடுக்காலுக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே இன்னொரு 220 கிலோஓம் வைத்தேன். நடுக்கால் விட்டுப்போனால் கிரிட் முழு மைனஸுக்கு இழுக்கப்பட்டு வால்வு அடங்கிவிடும். சத்தம் கெட்டுப்போகும், ஒன்றும் எரியாது. இரண்டு ரூபாய் ரெசிஸ்டர். சோதித்துப் பார்க்க நடுக்காலின் ஈயத்தை எடுத்தே பார்த்தேன், கேத்தோடு மில்லிவோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கியது.

பயஸ் கண்டென்சரை ரொம்பச் சிறிதாகவும் போடக்கூடாது. சுவிட்சை அணைத்ததும் எச்.டி. வடிவதற்கு முன் பயஸ் வடிந்துவிட்டால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் வால்வுக்கு ஓர் உதை விழும். 47ஐ வைத்து மீட்டரில் பார்த்தேன், எச்.டி. பாதியான பிறகும் பயஸ் பெரும்பாலும் நின்றது.

திருகும் முறை: இரண்டு டிரிம்பாட்டையும் முழு மைனஸில் வைத்துத் தொடங்க வேண்டும். அவுட்புட்டில் 16 ஓமுக்கு 50 வாட் வயர்வூண்ட் ரெசிஸ்டர், லோடு இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டக்கூடாது. இரண்டு மீட்டர் இருந்தால் வசதி, ஒரு பக்கம் திருகினால் எச்.டி. சற்று இறங்கி மறுபக்கமும் அசையும். முதலில் 25க்குக் கொண்டுவந்து கால் மணி நேரம் விட்டேன். பிறகு 36, மாறி மாறி. அறை விளக்கை அணைத்துவிட்டு பிளேட்டின் பக்கவாட்டு மடிப்பைப் பார்க்க வேண்டும், சிவப்பு முதலில் அங்கேதான் தலைகாட்டும்.

இந்தக் கட்டத்தில் வலது வால்வு இன்னொரு வேடிக்கை காட்டியது. அவுட்புட் வயரை நகர்த்தினால் 360 மில்லிவோல்ட் 440க்குத் தாவும், கையை எடுத்தால் இறங்கும். காதுக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத உயரத்தில் ஆசிலேஷன், அதாவது ஆம்ப் தானாகவே அலை எழுப்புவது. இதைத் தடுக்கக் கிரிட்டை ஒட்டி வைக்கும் ரெசிஸ்டரான கிரிட் ஸ்டாப்பர் இரண்டு பக்கமும் இல்லை, முன்னால் ரிப்பேர் செய்தவர் சாக்கெட் மாற்றும்போது விட்டிருக்க வேண்டும். 4.7 கிலோஓம் ரெசிஸ்டரை 5ஆம் பின்னிலேயே, கால் நீளம் இல்லாமல் ஒட்டவைத்தேன். தாவல் நின்றது. அரை அங்குலம் தள்ளி வைத்தாலும் பயன் குறையும்.

இரண்டு வால்வும் சமமாக இழுக்கின்றனவா என்பதை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதியிலும் விழும் வோல்டேஜை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பாதி 98 ஓம், மறுபாதி 112. வெளிச்சுற்றுக்குக் கம்பி நீளம் அதிகம், அவ்வளவுதான். கரண்ட் இரண்டிலும் 31 மில்லியாம்பியர் இருந்தும் ஒன்றில் 3.04 வோல்ட், மற்றதில் 3.47. வோல்டேஜைச் சமமாக்கினால் கரண்ட் சமமில்லாமல் போய்விடும். ஓமை அளந்து வகுத்துக்கொள்ளாமல் இந்த வழியில் இறங்கக்கூடாது.

36 ஏன், 40 ஏன் இல்லை என்று வீட்டில் பாட்டுக் கேட்க வால்வு ஆம்ப் கட்டும் நண்பர்கள் கேட்பார்கள். ஈஎல்34இன் பிளேட் தாங்கும் அளவு 25 வாட். வழக்கமாகச் சொல்லும் 70 சதவீதக் கணக்குப்படி 17.5 வாட், 430 வோல்ட்டில் 40 மில்லியாம்பியர் பிளேட் கரண்ட் வரும். நான் வைத்தது பிளேட்டுக்கு 31, அதாவது 13 வாட் சொச்சம். இந்த ஆம்ப் சித்திரை வெயிலில் தகரப் பந்தலுக்குக் கீழே ஜெனரேட்டரில் ஓடப்போகிறது. கேட்பது குழாய் ஸ்பீக்கரில். ஆசிலோஸ்கோப்பில் சைன் அலையைப் பார்த்தால் 22 மில்லியாம்பியரில் நடுக்கோட்டருகே ஒரு சிறு முறிவு தெரிந்தது, 30க்கு மேல் காணவில்லை. 200 வோல்ட் லைனிலும் 30 நிற்கிறது, போதும். 40க்கு ஏற்றினால் அந்தக் குழாயில் ஒரு வித்தியாசமும் கேட்காது, வால்வின் ஆயுள்தான் குறையும்.

செலவு: கப்ளிங் கண்டென்சர் இரண்டு 60 ரூபாய், டிரிம்பாட் இரண்டு 70, பயஸ் கண்டென்சர், டயோடு, ரெசிஸ்டர் எல்லாம் சேர்த்து 80, கொஞ்சம் ஸ்லீவும் டேக் ஸ்டிரிப்பும். 250 ரூபாய்க்குள் முடிந்தது. அண்ணன் கடைசியாக வாங்கிய மேட்ச்சிங் ஜோடிக்குக் கொடுத்தது 6,400. அந்த ஜோடியே இப்போதும் சாக்கெட்டில் இருக்கிறது, டூப்ளிகேட் இல்லை.

டெம்போவில் ஏறி இறங்கும் பெட்டி என்பதால் டிரிம்பாட் தலையில் நகப்பூச்சு வைத்து அடைத்தேன். கேத்தோடு அளக்க ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது, அது சரியில்லை. அடுத்த ஆம்பில் பின்பக்கம் மூன்று பனானா சாக்கெட் வைத்து, இரண்டு கேத்தோடையும் சேசிஸையும் வெளியே கொண்டுவந்துவிடுவேன். அரை வோல்ட்டுக்கும் கீழே என்பதால் அண்ணனே மீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், 300க்கும் 400க்கும் வெளியே போனால் போன் செய்தால் போதும். எச்.டி. பாதையில் 250 மில்லியாம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் ஒன்றும் வேண்டும், இதில் இடம் இருந்தும் போடவில்லை. ஸ்கிரீன் ரெசிஸ்டர் இரண்டும் 2 வாட் ரகம், 5 வாட்டுக்கு மாற்ற வேண்டும்.

அண்ணனிடம் நான்கு ஈஎல்34 போட்ட பெரிய ஆம்ப் ஒன்றும் இருக்கிறது. நான்குக்கும் ஒரே பிரீசெட், கேத்தோடெல்லாம் நேராகச் சேசிஸில். அதில் புது வால்வு எதையும் மாட்டும் முன் நான்கு கிரிட்டிலும் டி.சி. பார்க்க வேண்டும். கப்ளிங் கண்டென்சரைச் சோதிக்கப் போவதில்லை, நேராக எடுத்தே போட்டுவிடப் போகிறேன்.